மேட்டுத்தெருவுக்கு எங்களைக் கொண்டுவந்த அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்தக் கார்த்திகையோடு ஓராண்டு நிறைகிறது. அன்று பாடையோடு நடந்தவர்களுக்கும், செய்தி பிந்திப் போனதால் வர முடியாதவர்களுக்கும், அக்காவின் முகத்தையே பார்த்திராத பேரப்பிள்ளைகளுக்கும் இந்தச் சிறு மலரைக் கொடுக்கிறோம். முதல் பக்கத்தில் என்ன படம் போடுவது என்று அச்சாபீஸ்காரர் கேட்டபோது எங்களுக்குள் ஒரு வாரம் பேச்சு நடந்தது. நானும் என் பிள்ளைகளும் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். அக்கா கடைசிவரை மாரியம்மனைக் கும்பிட்டவர். தெருவில் தொழுகைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே படம் எதுவும் வேண்டாம், நடந்ததை எழுதினால் போதும் என்று முடிவானது. எழுதும் வேலை என்னிடம் வந்தது. இருபத்திரண்டாம் வயதில்தான் நான் எழுத்துக் கற்றேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது அணைக்கட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள ஓர் ஊரின் சேரியில். ஊர்ப் பெயரை எழுதவில்லை. நம் சொந்தக்காரர் சிலர் இன்னும் அங்கே பிழைக்கிறார்கள். அம்மா என்னைப் பெற்ற ஆறாம் மாதமே காய்ச்சலில் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது இரண்டரை வயது. அப்பாதான் எங்கள் இருவரையும் வளர்த்தார். அப்பாவும் அவருடைய அப்பாவும் மணியக்காரரிடம் படி நெல்லுக்குக் கட்டுப்பட்ட படியாட்கள். ஊர் மணியமும் நிலமும் அந்த ஒரு குடும்பத்தின் கையில் இருந்தன. சேரியில் குடிசை போட்டிருந்த மண்ணும் அவர்களுடையதே. நாங்கள் குடியிருந்தது அவர்கள் விட்டுவைத்த வரைக்கும்தான்.

மூன்று வருடம் மழை பொய்த்தபோது அப்பாவும் இன்னும் பத்துப் பேரும் ஆம்பூருக்கு நடந்து போய்த் தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை மிதித்துப் புரட்டுகிற வேலை. கால் வெந்து புண்ணாகும். ஆனால் அந்த வேலையில் சாயங்காலம் சங்கு ஊதினால் அதற்குமேல் யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்பா ஒருமுறை ஊருக்கு வந்தபோது, "இருட்டினப்புறம் என்ன யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல" என்று அதிசயமாகச் சொன்னார். அடுத்த வருடம் மழை பெய்தது. நாற்று நட ஆள் வேண்டும் என்று மணியக்காரர் சொல்லி அனுப்பினார். பதினோரு பேரும் போகவில்லை.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்ற எல்லோரும் ஊருக்கு வந்திருந்தார்கள். அந்த நாளுக்காகவே காத்திருந்தார்கள் போலும். உச்சிவேளையில் இருபது பேர் தடியோடு சேரிக்குள் நுழைந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வந்தவர் மணியக்காரரின் வஸ்தாது. ஊர்ப் பையன்களுக்குக் கம்பும் குஸ்தியும் கற்றுக்கொடுப்பவர். அவரையும் 'அவர்' என்றே எழுதுகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் கூழ்ப் பானைகளை உதைத்துக் கவிழ்த்தார்கள். பிறகு அப்பாவை இழுத்துப் புளியமரத்தில் கட்டினார்கள்.

"நாளைக்கு ஏர் பூட்ட வர்றியா இல்லையா?" என்று வஸ்தாது கேட்டார்.

"வர்ல ஆண்டே. ஷாப்புல பேர் குடுத்துட்டேன்" என்றார் அப்பா.

வஸ்தாது அடிக்கத் தொடங்கினார். கோபமாக அடிக்கவில்லை. நெல் அடிப்பது போல, ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் அடித்தார். நான் பார்த்தது அவ்வளவுதான். நான் ஓடினேன். கம்பங்கொல்லைக்குள் புகுந்து மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது, கைகால் எல்லாம் திடமாக இருந்தன. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்கா அறிந்திருந்தும் ஒருநாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை.

அக்கா ஓடவில்லை என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். அப்பாவின் மேல் விழுந்து தடுத்தார். அக்காவை முடியைப் பிடித்து இழுத்து எறிந்தார்கள். அதற்குள் ஒருவன் கூரையில் தீ வைத்துவிட்டான். ஆடிக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும். ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தீ தாவுவதற்குள் மூச்சுவிட நேரமில்லை. எதிர்க் குடிசையில் கண் தெரியாத ஒரு கிழவி இருந்தார். அவர் கத்துவது கேட்டு அக்கா உள்ளே போனார். கிழவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வரும்போது கூரை இறங்கியது. அக்காவின் இடது கை தோளிலிருந்து முழங்கைவரை வெந்துபோனது. பிடித்த பிடியை விடாமல்தான் வெளியே வந்தார். ஆனால் கிழவி உயிரோடு வரவில்லை.

அப்பாவை ஒரு வண்டியில் கிடத்திக்கொண்டு பதினோரு குடும்பமும் புறப்பட்டோம். எடுத்துக்கொள்ள எதுவும் இல்லாததால் புறப்படச் சுலபமாக இருந்தது. பள்ளிகொண்டா வருவதற்குள் அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது. பாலாற்று மணலில் கையால் தோண்டிப் புதைத்தோம். அக்கா ஒரு கையால் தோண்டினார். "அழுவாதடி. அழுதா தண்ணி தாகம் எடுக்கும், இன்னும் நெறைய நடக்கணும்" என்றார் என்னிடம்.

ஆம்பூரில் ஷாப்பில் வேலை கிடைத்தது. ஆண்களுக்குத் தொட்டியில் வேலை. பெண்களுக்கு ஆவாரம்பட்டை இடிக்கும் வேலை. அந்தப் பட்டைத் தூளில்தான் தோலைப் பதப்படுத்துவார்கள். ஆனால் தங்க இடமில்லை. ஆற்றங்கரைப் புறம்போக்கில் பனையோலை போட்டுக் குடிசை கட்டினோம். எட்டாம் நாள் ஊர்த் தலையாரி ஆட்களோடு வந்து பிய்த்தெறிந்தார். "நீங்க ஓடிவந்த படியாளுங்களாமே. எங்களுக்கு ஏன் இந்தப் பேஜாரு?" என்றார். மணியக்காரரின் சொல் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. சற்றுத் தள்ளி மறுபடி கட்டினோம். அதையும் பிய்த்தார்கள். மூன்றாம் முறை கட்டியபோது வஸ்தாதே வந்தார். நாலு ஜோடி எருதுகளை விரட்டிக் குடிசைகளின் மேல் ஓடவிட்டார்கள். ஏழு மாதக் கர்ப்பிணியான எங்கள் சின்னம்மா மகள் ஓட முடியாமல் விழுந்தாள். அவள் வயிற்றில் ஒருவன் உதைத்தான். அன்று மாலையே மணலில் குழந்தை பிறந்தது. அழவில்லை. அக்காதான் அதைத் தன் முந்தானையில் சுற்றி அடக்கம் செய்தார்.

ஐப்பசி பிறந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஷாப்புக்குப் போகிற வழியில் ஒரு பள்ளிவாசல். அதை ஒட்டி ஒரு முசாபர்கானா. ஊர் ஊராகப் போகிறவர்கள் தங்கிப்போகக் கட்டிய நீண்ட கட்டடம். ஒருநாள் லுகர் என்கிற மத்தியானத் தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரத்தில் அக்கா அதன் வாசலில் போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன். பள்ளிவாசல் காரியங்களைப் பார்த்து வந்த முத்தவல்லி சாயபு நின்று கேட்டார்.

"இன்னாமா?"

"வழிப்போக்கருக்குன்னு கட்டின கட்டடம் காலியா கீதாம், சாயபு. நாங்க பதினோரு குடும்பம்."

"எங்கேந்து எங்க போறீங்க?"

"எங்கேந்துன்னு தெரியும். எங்கன்னுதான் தெரியல" என்றார் அக்கா.

சாயபு அக்காவின் கையைப் பார்த்தார். புண் ஆறாமல் நீர் வடிந்துகொண்டிருந்தது. வேறெதுவும் கேட்காமல் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். அப்போது அவர் அருகில் நின்ற பெரியவர் ஒருவர் தடுத்தார். அவர் தோல் மண்டி வைத்திருந்தவர். ஜமாத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

"மூணு நாளைக்குத்தான் முசாபர். அதுக்கு மேல தங்கினா குடித்தனம். குடித்தனம் பண்றதுக்கா நம்ம பெரியவங்க இத கட்டினாங்க?" என்றார் மண்டிக்காரர்.

"சரி பாய். மூணு நாளைக்கு ஒரு தபா வெளிய வந்துட்டு மறுபடி உள்ள போகச் சொல்றேன்" என்றார் சாயபு.

விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்தோம். இல்லை. நான்காம் நாள் காலை அவரே வந்து எங்களைப் பானை சட்டியோடு வெளியே வரச்சொன்னார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். எதிரிலிருந்த வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றினோம். சாயபு "எங்கேந்து வர்றீங்க?" என்று கேட்டார். "வேப்பமரத்துக்கிட்டேந்து" என்றார் அக்கா. "வாங்க, உள்ள வாங்க" என்றார் சாயபு. மண்டிக்காரர் தன் கடை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே ஏழெட்டு முறை நடந்தது.

இரண்டு தெரு தள்ளி இருந்த சபையின் உபதேசியார் கேள்விப்பட்டு வந்தார். காலையில் கஞ்சிப் பானை அனுப்பினார். அக்காவின் கைக்கு மருந்து போட ஆள் அனுப்பினார். எங்களுக்காக மனு எழுதினார். அவருடைய சபையில் சிலர், இவர்கள் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டால் வீடு கட்ட இடம் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அதை அவர் ஒளிக்காமல் அக்காவிடம் வந்து சொன்னார்.

"ஐயா, கூரைக்காவ சாமிய மாத்தினா, நாளைக்கு எவனாவது கூரையப் பிடுங்கறப்ப சாமியும் போய்டும். அப்போ எங்களுக்கு ரெண்டும் இருக்காது" என்றார் அக்கா.

உபதேசியார் எழுந்து போனார். இனி வரமாட்டார் என்று நான் பயந்தேன். மறுநாள் காலை வழக்கம்போலக் கஞ்சிப் பானையோடு வந்தார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. பிற்காலத்தில் நான் சபையில் சேர்ந்ததற்கு அந்தக் காலைதான் காரணம். அக்காவுக்கும் இது தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஆண்கள் ஷாப்பில் இருந்தார்கள். பெண்கள் முசாபர்கானா முற்றத்தில் பட்டை இடித்துக்கொண்டிருந்தோம். ஜும்மா தொழுகை முடிந்து, பலர் இன்னும் உள்ளே இருந்தார்கள். வஸ்தாது பத்துப் பன்னிரண்டு பேரோடு வாசலுக்கு வந்தார். "பொம்பளைங்கள வண்டியில ஏத்துங்கடா. ஆம்பளைங்க தானா பின்னால வருவானுங்க" என்றார்.

முத்தவல்லி சாயபு வெளியே வந்து வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். தொழுகைக்கு உடுத்திய வெள்ளைச் சட்டை.

"இவங்க என் விருந்தாளிங்க. நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

"விருந்தாளியா? இதுங்க எங்க ஊட்டுப் படியாளுங்க. நகருங்க சாயபு."

"நகர மாட்டேன்."

தடி சாயபுவின் தலையில் இறங்கியது. அவர் கீழே விழவில்லை. வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரத்தம் தாடி வழியாகச் சட்டையில் இறங்கியது. வஸ்தாது தடியை இரண்டாம் முறை ஓங்கினார். அதற்குள் அக்கா உலக்கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். வலது முழங்காலில் அடித்தார். எலும்பு உடைகிற சத்தம் முற்றம் முழுவதும் கேட்டது. வஸ்தாது விழுந்தார். விழுந்தவரை அக்கா மறுபடி அடித்தார். அதே காலில், மறுபடியும் மறுபடியும். நான்தான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தேன். அக்காவின் உடம்பு கொதித்தது. என்னையும் உதறித் தள்ளினார்.

பள்ளிவாசலுக்குள் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். சாயபுவின் இரத்தத்தைப் பார்த்ததும் யாரும் நிதானத்தில் இல்லை. செருப்புகள், விறகுக் கட்டைகள், வண்டி முளைக்குச்சிகள் என்று கைக்குக் கிடைத்ததை எடுத்தார்கள். வந்தவர்களில் ஒருவனுக்குத் தாடை உடைந்தது. ஒருவனுக்குக் காது கிழிந்தது. நம் பக்கம் ஒரு பையனுக்கு விரல் இரண்டு போனது. எல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மண்டிக்காரர் தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சாயபுவின் தலையைச் சுற்றிக் கட்டினார்.

வழக்கு நடந்தது. உபதேசியார் அக்காவுக்குப் பலமுறை சொல்லிக்கொடுத்திருந்தார். சாயபுவைக் காப்பாற்ற அடித்தேன் என்று மட்டும் சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள் என்றார். மாஜிஸ்திரேட் கேட்டபோது அக்கா சொன்னது இது:

"மொத அடி சாயபுக்காவ. மத்த அடியெல்லாம் எங்க அப்பாவுக்காவ."

ஆறு மாதம் தண்டனை விதித்தார்கள். வஸ்தாதின் ஆட்களில் இரண்டு பேர் தண்டனை பெற்றார்கள். மணியக்காரரின் பெயர் வழக்கில் வரவே இல்லை.

அக்கா சிறையில் இருந்த அந்த ஆறு மாதத்தில்தான் மேட்டுத்தெரு பிறந்தது. ஷாப்புக்குப் பின்னால், ஓடைக்கு அப்பால், மண்டிக்காரருக்குச் சொந்தமான ஒரு பாறை மேடு இருந்தது. கொம்பும் எலும்பும் கொட்டிவைக்கிற இடம். ஒருநாள் அவர் முசாபர்கானாவுக்கு வந்து, "இனிமே வேப்பமரத்தச் சுத்த வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மேட்டைப் பதினோரு பாகமாக அளந்து, ஒவ்வொரு குடும்பத்தின் பெயரிலும் தனித்தனியே பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டார். ஏன் ஒன்றாக எழுதவில்லை என்று கேட்டதற்கு, "ஒருத்தன மெரட்டினா பதினோரு பேரும் கிளம்ப வேண்டி வரக்கூடாது" என்றாராம்.

பாறையை உடைக்க ஜமாத்து ஆட்கள் வந்தார்கள். மரமும் ஓடும் சபையார் சேர்த்தார்கள். மண் குழைத்துச் சுவர் வைத்தது எங்கள் ஆட்கள். ஒரு பிணக்கும் வந்தது. சபையில் சிலர் மேட்டின் நடுவில் ஒரு ஜெபக்கூடம் வேண்டும் என்றார்கள். ஜமாத்தில் சிலர், நிலம் எங்கள் ஆள் கொடுத்ததல்லவா என்றார்கள். பேச்சு முற்றிக் கைகலப்பாகும் அளவுக்குப் போனது. முத்தவல்லி சாயபுவும் உபதேசியாரும் உட்கார்ந்து பேசி, அந்த இடத்தில் கிணறு வெட்டச் சொன்னார்கள். ஊர்த் தலையாரி வழி விடமாட்டேன் என்று முள் போட்டு அடைத்தார். உபதேசியார் வேலூருக்கு நாலு முறை நடையாக நடந்து கலெக்டர் கச்சேரியில் மனுக் கொடுத்து, வழிக்கு உத்தரவு வாங்கிவந்தார். நாங்கள் குடியேறிய முதல் மாதம் இரண்டு முறை தீப்பந்தம் வந்து விழுந்தது. ஓடு போட்ட கூரை என்பதால் எரியவில்லை.

அக்கா விடுதலையாகி வந்தபோது தலைமுடி குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. முன்பற்கள் இரண்டு இல்லை. அங்கே என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. தெருக் கடைசியில் இருந்த வீட்டைக் காட்டி, "இது உன் பேருல கீது அக்கா" என்றேன். உள்ளே போனார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார். நாங்கள் எல்லோரும் வெளியே நின்றோம். நெடுநேரம் திறக்கவில்லை. நான் பயந்துபோய்த் தட்டினேன். "இரு. இன்னும் கொஞ்ச நேரம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அதுவரைக்கும் எங்களில் யாரும் தாழ் உள்ள கதவுக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை.

அக்காவுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், சிறைக்குப் போன பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பகலில் பட்டை இடித்தார். மற்ற நேரமெல்லாம் முசாபர்கானாவில் இருந்தார். வெள்ளத்தில் வீடு போனவர்கள், பிளேக்குக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவர்கள், படியாள் வேலையை விட்டு ஓடிவந்தவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடுவதோடு ஜமாத்தும் சபையும் நிறுத்திக்கொள்ள அக்கா விடமாட்டார். "இன்னிக்குச் சோறு சரி. நாளைக்கு எங்க படுப்பாங்க?" என்று சாயபுவையும் உபதேசியாரையும் மாறி மாறிக் கேட்பார். அந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இடம் தேடுவார்கள். அக்கா நேரே போய்க் கொளுத்தப்பட்ட சேரிகளிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்ததும் உண்டு. குடியாத்தம் ரோட்டில் ஒருமுறை வழிமறித்து மண்டையை உடைத்தார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் அதே வழியாகப் போனார்.

ஜெர்மன் சண்டை நடந்த காலம். ஷாப்புகளில் இரவும் பகலும் வேலை. ஒருநாள் மத்தியானம் மேட்டுக்கு ஒருவர் கம்பு ஊன்றி நொண்டிக்கொண்டு ஏறி வந்தார். பின்னால் மனைவி, இரண்டு பெண்கள். நரைத்துப்போயிருந்தார். இருந்தும் எல்லோரும் அடையாளம் கண்டுகொண்டோம். வஸ்தாது. கால் போன ஆள் எதற்கு என்று மணியக்காரர் வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டாராம். முந்தின ராத்திரிதான் முசாபர்கானாவில் வந்து தங்கியிருந்தார்கள். இடம் வேண்டுமானால் மேட்டுத்தெருவில் கேட்கச் சொல்லி யாரோ அனுப்பிவிட்டார்கள்.

முதல் கல்லை யார் எறிந்தார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. நானும் எறிந்தேன். ஒரு கல் மூத்த பெண்ணின் நெற்றியில் பட்டு இரத்தம் கொட்டியது. ஆற்று மணலில் பிள்ளையைப் பறிகொடுத்த சின்னம்மா மருமகன் தோல் சுரண்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வஸ்தாது நகரவில்லை. பெண்களைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நின்றார்.

அக்கா வந்து நடுவில் நின்றார். "கல்லக் கீழ போடுங்க" என்றார். சின்னம்மா மருமகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கத்தி அக்காவின் உள்ளங்கையைக் கிழித்தது. அதற்கப்புறம்தான் அந்த மருமகன் கத்திப் பிடியைத் தளர்த்தினார்.

அக்கா வஸ்தாதைப் பார்த்துக் கேட்டார். "எங்க அப்பாவ எத்தினி அடி அடிச்ச?"

"எண்ணல" என்றார் வஸ்தாது.

"நான் எண்ணனேன். நாப்பத்தி மூணு."

காயம்பட்ட பெண் விசும்புவது கேட்டது. அக்கா அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார். "இவங்க மூணு பேரும் உள்ள வரட்டும். நீ வராத. நீ முசாபர்கானாவுல இரு. நான் அங்க வர்றப்ப என் கண்ணு முன்னால வராத."

அப்படியே நடந்தது. உபதேசியார் சொல்லி, மேட்டின் சரிவில் அந்தத் தாய்க்கும் பெண்களுக்கும் ஓர் அறை கட்டிக் கொடுத்தார்கள். வஸ்தாது முசாபர்கானா வாசலைப் பெருக்கிக்கொண்டு ஏழு வருடம் அங்கேயே இருந்து இறந்தார். அக்கா அந்த ஏழு வருடமும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சபையில் சேர்ந்த புதிது. மன்னித்துவிடு அக்கா என்று வேதவசனமெல்லாம் எடுத்துச் சொன்னேன். "அவன் பொண்ணுங்களுக்குக் கூரை வேணும், குடுத்துட்டேன். மன்னிப்பு என்கிட்ட இல்லடி. இல்லாதத எப்படிக் குடுக்கறது?" என்றார். நான் சொன்னது சரியா, அவர் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த நெற்றித் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், கல் என் கையிலிருந்து போனதோ என்ற எண்ணம் மட்டும் வரும்.

முப்பது வருடம் மூச்சில் இழுத்த பட்டைத் தூசி அக்காவின் நெஞ்சில் தங்கிவிட்டது. கடைசி இரண்டு வருடம் படுத்தால் மூச்சு வராது, சுவரில் சாய்ந்தே தூங்கினார். வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில், வெந்நீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் போய்விட்டார். ஆற்றங்கரையில் நம் வழக்கப்படி அடக்கம் செய்தோம். தோள் கொடுத்தவர்களில் தொப்பி போட்டவர்களும் இருந்தார்கள், சபையாரும் இருந்தார்கள். வழியில் எங்கும் யாரும் மறிக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். முத்தவல்லி சாயபு இன்று இல்லை. அவர் மக்கள் அக்காவின் நோய்க்காலம் முழுவதும் பால் அனுப்பினார்கள். உபதேசியார் ஐயா கண் மங்கிய வயதிலும் வண்டி பிடித்து வந்து அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மண்டிக்காரர் குடும்பத்தார் அடக்கத்தன்று மண்டி வேலையை நிறுத்தினார்கள். சின்னம்மா மகளும் மருமகனும் பதினாறு நாளும் வந்தவர்களுக்குச் சமைத்தார்கள். எல்லோரையும்விட, அந்த இரண்டு வருடமும் அக்காவைக் குளிப்பாட்டி, உடுத்தி, எச்சில் கிண்ணம் ஏந்தியவர்கள் வஸ்தாதின் பெண்கள். அவர்கள் இதைப் படிப்பார்கள். அம்மா, உங்கள் இருவருக்கும் எங்கள் வணக்கம்.

முடிக்குமுன் உறவினர்களுக்கு ஒரு செய்தி. அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம், வாணியம்பாடிப் பக்கத்தில் குடிசை பறிபோன ஒரு பெண் மூன்று பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். அக்காவின் வீட்டை அவர் நினைவாக அப்படியே பூட்டி வைக்கலாம் என்று என் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். பூட்டவில்லை. அந்த அம்மாள் அங்கே குடியேறி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. பத்திரத்தையும் அவர் பெயருக்கு மாற்றி எழுதியாகிவிட்டது. ஆண்டு நினைவுக்கு வருகிறவர்கள் அக்கா வாழ்ந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுவீர்கள். தெருவில் நின்று குரல் கொடுங்கள். அவர் வரச்சொன்னால் உள்ளே போங்கள். கதவு திறக்கவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அது அவர் வீடு.